குடல் புற்றுநோயை பாக்டீரியாவே சரி பண்ணுமா? ஸ்டான்லி பழைய சோறு முதல் சிங்கப்பூர் லேப் வரை!

'தினமும் ஒரு பாட்டில் புரோபயாடிக் டிரிங்க் குடிச்சா போதும்... குடல் கேன்சர் காலி!' இப்படி ஒரு ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கலாம். கீழே 'சயின்டிஸ்ட்ஸ் கண்டுபிடிச்சுட்டாங்க' என்று ஒரு வரி. கமென்ட்டில் 'லிங்க் அனுப்புங்க ப்ரோ' கோரஸ்.

இதில் பாதி உண்மை. மரபணுவை மாற்றியமைத்த பாக்டீரியாவை உள்ளே அனுப்பி, எலியின் குடலில் இருந்த புற்றுக்கட்டிகளைக் குறைத்திருக்கிறார்கள். மீதிப் பாதிதான் சிக்கல். அந்த பாக்டீரியா இன்னும் எந்த மெடிக்கல் ஷாப்புக்கும் வரவில்லை. அது வரும்வரை நாம என்ன செய்யணும் என்பதை எந்த ரீல்ஸும் சொல்வதில்லை.

அந்த பாக்டீரியா எப்படி வேலை செய்கிறது, ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது, ராயபுரத்திலோ எண்ணூரிலோ உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இன்றைக்கு எது உதவும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வயித்துக்குள்ள ஒரு பாரிஸ் கார்னர்!

நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கலாம் என்று 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். நம்முடைய சொந்த செல்களின் எண்ணிக்கையே ஏறக்குறைய 30 லட்சம் கோடிதான். இந்த பாக்டீரியாக் கூட்டத்தில் பெரும்பகுதி குடியிருப்பது பெருங்குடலில். பண்டிகை நேரத்து பாரிஸ் கார்னர் மாதிரி, இடமே இல்லாத அளவுக்கு நெரிசல்.

இவர்கள் சும்மா குடியிருக்கவில்லை, வாடகையும் கொடுக்கிறார்கள். நாம் சாப்பிடும் நார்ச்சத்தில் நம்மால் செரிக்க முடியாததை பாக்டீரியாக்கள் உடைத்து, 'பியூட்டிரேட்' என்ற பொருளைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு இதுதான் முக்கியமான எரிபொருள்.

கூட்டத்தில் ரவுடிகளும் உண்டு. வாயில் ஈறு நோயோடு தொடர்புடைய 'ஃபியூசோபாக்டீரியம்' என்ற கிருமி, குடல் புற்றுக்கட்டிகளுக்குள் அதிகமாக இருப்பதை 2012-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. ஈ.கோலை குடும்பத்தில் சில வகைகள், 'கோலிபாக்டின்' என்ற நச்சுப்பொருளால் நம் செல்லின் டி.என்.ஏ-வையே சேதப்படுத்தும். அதே குடும்பத்தில் நல்ல பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு வேலை வாங்குவதுதான் புரோபயாடிக். அவர்களுக்குப் புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்து அனுப்பினால், அது 'என்ஜினீயர்டு புரோபயாடிக்'.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில் பழைய சோறு

'நல்ல பாக்டீரியா'வை வைத்துக் குடல் நோயைச் சமாளிக்க முடியுமா என்ற கேள்வி, வடசென்னையிலேயே ஆராய்ச்சியாகியிருக்கிறது. இடம், பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனை.

நம்ம ஏரியா பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782-ல் பஞ்சத்தில் தவித்த மக்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் வந்த பெயர். அதே ஸ்டான்லியின் குடல் இரைப்பை அறுவை சிகிச்சைத் துறைதான், டாக்டர் எஸ்.ஜெஸ்வந்த் தலைமையில் பழைய சோற்றைக் கையில் எடுத்தது. 'குடல் அழற்சி நோய்' உள்ளவர்களுக்குப் பழைய சோறு எந்த அளவுக்கு உதவும் என்று ஆராய, தமிழக அரசு 2.7 கோடி ரூபாய் ஒதுக்கியது.

குடல் அழற்சி நோய் என்பது சாதாரண வயிற்று வலி அல்ல. 'கிரோன்ஸ்', 'அல்சரேட்டிவ் கொலைடிஸ்' என இரண்டு முக்கிய வகைகள். குடலின் உள்சுவர் வருடக்கணக்கில் புண்ணாகி, ரத்தமும் சளியுமாக மலம் போகும். பெருங்குடலில் இந்த அழற்சி எட்டு, பத்து வருடங்களுக்கு மேல் நீடித்தால், குடல் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். அதனால்தான் பழைய சோறும் புற்றுநோயும் ஒரே கட்டுரைக்குள் வருகின்றன.

பழைய சோற்றில் அப்படி என்ன இருக்கு? ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. காலையில் வரும் அந்த லேசான புளிப்பு, அவர்களின் கைவண்ணம். கூடவே, வெந்து ஆறிய சோற்றில் ஸ்டார்ச்சின் ஒரு பகுதி, சிறுகுடலில் செரிக்காத ஸ்டார்ச்சாக மாறுகிறது. அது நேராகப் பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடாகிறது. அதிலிருந்து வருவதுதான் நாம் பார்த்த பியூட்டிரேட்.

அப்போ பழைய சோறு சாப்பிட்டா குடல் கேன்சர் வராதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பரம்பரையாகக் குடல் புற்றுநோய் வரும் 'லிஞ்ச் சிண்ட்ரோம்' உள்ள ஏறக்குறைய ஆயிரம் பேரிடம், செரிக்காத ஸ்டார்ச்சைப் பவுடராகக் கொடுத்துப் பல வருடங்கள் கண்காணித்தார்கள் இங்கிலாந்து விஞ்ஞானிகள். 2022-ல் வந்த முடிவு: குடல் புற்றுநோய் குறையவில்லை. உடலின் மற்ற பகுதிகளில், குறிப்பாக உணவுக்குழாய், இரைப்பை போன்ற மேல் வயிற்றுப் பகுதிகளில் வரும் புற்றுநோய்கள் குறைந்தன. உணவு உதவும், ஆனால் எங்கே, எவ்வளவு என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

போர்முனையில் கிடைத்த நிஸில்

என்ஜினீயர்டு புரோபயாடிக் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் 'ஈ.கோலை நிஸில் 1917'. முதல் உலகப் போரின்போது படைவீரர்கள் பலர் வயிற்றுப்போக்கில் சுருண்டு விழ, ஒரு வீரருக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் நிஸில் என்ற மருத்துவர், அந்த வீரரின் மலத்திலிருந்து 1917-ல் இந்த ஈ.கோலையைப் பிரித்தெடுத்தார். நோய் பரப்பும் கிருமிகளைக் குடலில் தங்கவிடாமல் இது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர் கணிப்பு.

'மியூட்டாஃப்ளோர்' என்ற பெயரில் ஜெர்மனியில் நூறு வருடங்களாக இது மருந்து. அல்சரேட்டிவ் கொலைடிஸ் அடங்கியபின் மறுபடி தலைதூக்காமல் வைத்திருப்பதில், வழக்கமான மெசலசின் மாத்திரைக்கு இணையாக இது வேலை செய்ததை 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது.

விஞ்ஞானிகளுக்கு நிஸில் மேல் இவ்வளவு பாசம் ஏன்? நூறு வருடமாக மனிதர்கள் சாப்பிட்டுப் பழகியது, அதன் மரபணுவை வெட்டி ஒட்டுவது எளிது. முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. புற்றுக்கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு, நோய் எதிர்ப்புக் காவலும் பலவீனம். நிஸில் மாதிரியான பாக்டீரியாவுக்கு அது பாதுகாப்பான ஒளிவிடம். அனுப்பாமலே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடுகு, கோஸ், சிங்கப்பூர்!

இந்த ஆராய்ச்சிகளில் நமக்குச் சுலபமாகப் புரியக்கூடியது சிங்கப்பூரில் நடந்தது. அதைப் புரிந்துகொள்ள அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் போதும்.

நாலு கடுகை எடுத்து வாயில் போட்டு மெல்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சுர்ரென்று மூக்குக்கு ஏறும். கடுகுக்குள் 'குளுக்கோசினோலேட்' என்ற பொருளும், 'மைரோசினேஸ்' என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. மெல்லும்போது சுவர் உடைந்து, இரண்டும் சேர்ந்ததும் காரமான புதுப் பொருள் பிறக்கிறது. தாளிக்கும்போது அந்தக் காரம் வராததற்குக் காரணம், எண்ணெய்ச் சூட்டில் நொதி செத்துப்போவதுதான்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, புரோக்கோலி எல்லாம் கடுகின் சொந்தக்காரர்கள். பீச் ரோட்டில் அத்தோ சாப்பிடும்போது பச்சையாகக் கலந்து தருவார்களே கோஸ், அதிலும் இதே சமாசாரம் உண்டு. புரோக்கோலியில் உள்ள குளுக்கோசினோலேட்டை மைரோசினேஸ் உடைத்தால் 'சல்ஃபோரஃபேன்' கிடைக்கும். புற்றுசெல்களை எதிர்க்கும் தன்மை இதற்கு இருப்பதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். பிரச்னை என்னவென்றால், வேகவைத்த காயில் நொதி இருக்காது. பச்சையாகச் சாப்பிட்டாலும், கட்டி இருக்கும் இடத்தில் போதுமான அளவு சேராது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாங் தலைமையிலான குழு, நிஸில் பாக்டீரியாவுக்கு இரண்டு வேலைகளைக் கற்றுக்கொடுத்தது. ஒன்று, குடல் புற்றுசெல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் பசை மாதிரியான ஒரு புரதம். இரண்டாவது, அந்த இடத்திலேயே மைரோசினேஸைச் சுரப்பது. மிச்சத்தைச் சாப்பாடு பார்த்துக்கொள்ளும். காயிலிருந்து வரும் குளுக்கோசினோலேட், கட்டியின் வாசலில் வைத்தே சல்ஃபோரஃபேனாக மாறும்.

2018-ல் வெளியான முடிவுகள்: ஆய்வகத் தட்டில் இருந்த குடல் புற்றுசெல்களில் 95 சதவிகிதத்துக்கும் மேல் செத்தன. மார்பக, இரைப்பைப் புற்றுசெல்களை இது தொடவில்லை. குறி குடலுக்கு மட்டும். எலிகளில், பாக்டீரியாவும் காய்கறி உணவும் சேர்ந்தபோது கட்டிகளின் எண்ணிக்கை 75 சதவிகிதம் குறைந்தது.

எதற்காக இது என்பதையும் அந்தக் குழு சொன்னது. புற்றுநோய் வராமல் தடுக்கவும், ஆபரேஷனில் கட்டியை எடுத்தபின் மிஞ்சியிருக்கும் செல்களைச் சுத்தம் செய்யவும். ஆபரேஷனே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை.

மருந்து மட்டுமில்ல, துப்பறியும் வேலையும்!

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டால் டனினோ குழு, நிஸிலை உளவாளியாக்கியது. கட்டிக்குள் போய் உட்கார்ந்ததும் பாக்டீரியா 'சாலிசிலேட்' என்ற பொருளை வெளியிடும். எலியின் சிறுநீரைச் சோதித்தால் கட்டி இருப்பது தெரிந்துவிடும். இன்னொரு வகை நிஸில், கட்டிக்குள்ளேயே நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தைச் சுரந்தது. 2024-ல் வெளியான இந்த ஆய்வில் மனிதர்களும் இருந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது மாற்றியமைக்காத சாதாரண நிஸில். அது அக்கம்பக்கத்துச் சாதாரணத் திசுவைவிடக் கட்டிகளில் அதிகமாகக் குடியேறியிருந்தது.

2023-ல் ஆஸ்திரேலிய, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து வேறொரு பாக்டீரியாவைப் பழக்கினார்கள். 'அசினெட்டோபாக்டர் பெய்லி' என்ற இது, சுற்றி மிதக்கும் டி.என்.ஏ துண்டுகளைப் பொறுக்கும் பழக்கம் உள்ளது. குடல் புற்றில் அடிக்கடி காணப்படும் 'கேராஸ்' மரபணு மாற்றம் அந்தத் துண்டில் இருக்கிறதா என்று க்ரிஸ்பர் உதவியால் சரிபார்த்துக் காட்டிக்கொடுத்தது. இதுவும் எலியில்தான்.

கிண்டியிலேயே இருக்கு முன்னுதாரணம்

உயிருள்ள பாக்டீரியாவையே புற்றுநோய்க்கு மருந்தாகக் கொடுப்பது சினிமாக் கதை மாதிரி தெரியுதா? மருத்துவமனைகளில் தினமும் நடக்கிற விஷயம் அது. குழந்தை பிறந்ததும் கையில் போடும் பி.சி.ஜி தடுப்பூசி, பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள பாக்டீரியா. சென்னை கிண்டியில் 1948-ல் தொடங்கிய பி.சி.ஜி ஆய்வகம் அதைத் தயாரிக்கத்தான் உருவானது. அதே பி.சி.ஜி-யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, ஆரம்பநிலைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்கிறார்கள். 1976-ல் முதல் முடிவுகள் வந்தன. 1990-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆக, பாக்டீரியா வைத்தியம் சாத்தியம்தான். அதற்கு வருடக்கணக்கான சோதனை தேவை.

அப்புறம் ஏன் இன்னும் வரல?

முதல் காரணம், எலி மனிதன் இல்லை. 'பி.கே.யு' என்ற பிறவிக் கோளாறுக்காக நிஸிலை மாற்றியமைத்த அமெரிக்க நிறுவனம் சின்லாஜிக், மனிதர்களிடம் மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. பலன் போதாது என்று 2024 பிப்ரவரியில் அதை நிறுத்தியது.

இரண்டாவது காரணம், நம்ம ஹீரோ நிஸில் மீதே ஒரு கேஸ் இருக்கிறது. டி.என்.ஏ-வைச் சேதப்படுத்தும் கோலிபாக்டினைத் தயாரிக்கும் மரபணுத் தொகுப்பு நிஸிலிடமும் உண்டு. 11 நாடுகளின் 981 குடல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 2025-ல் வந்த ஆய்வில், 70 வயதுக்கு மேற்பட்டவர்களைவிட 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கட்டிகளில் கோலிபாக்டின் தடயம் 3.3 மடங்கு அதிகமாக இருந்தது. இளம் வயதுப் புற்றுக்கு அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. இருந்தாலும், மருந்தாகக் கொடுக்கப்போகும் பாக்டீரியாவிடம் அந்த ஆயுதம் இருக்கலாமா? அதனால் கோலிபாக்டின் தயாரிக்க முடியாத நிஸில் வகைகளை ஆய்வகங்களில் உருவாக்கியிருக்கிறார்கள்.

மூன்றாவது, நம்ம ஏரியா ரொம்ப கவனிக்க வேண்டியது. சாப்பிட்ட பாக்டீரியா ஒருநாள் வெளியே வரும். டாய்லெட்டிலிருந்து கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகலாம். கழிவுநீர் கலக்கும் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போகலாம். மாற்றியமைத்த மரபணு வேறு கிருமிக்குத் தாவிவிட்டால்? இதற்காகவே, ஆய்வகத்தில் கொடுக்கும் ஒரு சத்து இல்லாவிட்டால் வளர முடியாதபடி பாக்டீரியாவை வடிவமைக்கிறார்கள். உடலைவிட்டு வெளியே வந்ததும் தானாகச் சாகும் 'கில் ஸ்விட்ச்' வைக்கிறார்கள். மரபணு மாற்றிய நுண்ணுயிர்களுக்கு இந்தியாவில் 1989-ல் வந்த தனி விதிகள் உண்டு. அந்த வாசலையும் தாண்ட வேண்டும்.

கடையில கிடைக்கிற புரோபயாடிக்?

மெடிக்கலில் வாங்கும் கேப்ஸ்யூல், சூப்பர் மார்க்கெட் பாட்டில் எதுவும் மரபணு மாற்றியது அல்ல; எதுவும் புற்றுநோய் மருந்தும் அல்ல. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கு மாதிரி சிலவற்றுக்குச் சில வகைகள் உதவும். ஆனால், ஆன்டிபயாடிக் முடித்தபின் புரோபயாடிக் எடுத்துக்கொண்டவர்களுக்கு, சொந்த பாக்டீரியாக் கூட்டம் திரும்பி வரத் தாமதமானதை 2018-ல் வைஸ்மன் நிறுவன ஆய்வு காட்டியது. 'எதுக்கும் ஒண்ணு போட்டு வைப்போம்' என்பது வேண்டாமே.

வீட்டில் யாராவது கீமோதெரபி எடுத்தால் இன்னும் கவனம். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலந்தால் ஆபத்து. புரோபயாடிக் மட்டுமல்ல, பழைய சோறும் டாக்டரைக் கேட்டுத்தான். மற்றவர்களும் பழைய சோற்றுக்குக் கொதித்து ஆறிய தண்ணீரையே ஊற்றுங்கள். ஒரு ராத்திரிக்கு மேல் வேண்டாம். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது

2022-ல் மட்டும் உலகில் 19 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். 'பிளாக் பாந்தர்' ஹீரோ சாட்விக் போஸ்மேன் 2020-ல் இறந்தபோது வயது 43. இது வயசானவங்க வியாதி என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் இந்தப் புற்றுநோய் நமக்கு நிறைய டைம் கொடுக்கிறது. பெரும்பாலும் 'பாலிப்' என்ற சின்ன சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பத்து வருடங்கள்கூட ஆகலாம். கொலனோஸ்கோபியில் பாலிப்பைப் பார்த்து அப்போதே எடுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அந்த நேரத்தை நாம் எங்கே தொலைக்கிறோம்? மலத்தில் ரத்தம் வந்ததும் 'சூடு', 'மூலம்' என்று நாமே முடிவு செய்வதில். எலெக்ட்ரிக் ட்ரெயினிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் 'மூலம், பவுத்திரம்' போஸ்டர் நம்பருக்கு போன் போட்டு, மாதக்கணக்கில் லேகியம் சாப்பிடுவதில்.

இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் போங்கள்:

* மலத்தில் ரத்தம், அல்லது தார் மாதிரி கறுத்த மலம்
* சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம்: திடீர் மலச்சிக்கல், திடீர் பேதி
* போய்விட்டு வந்தபிறகும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரி உணர்வு
* காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தீராத அசதி
* குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் அல்லது பாலிப் இருந்தது

மூலமாகவே இருக்கலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் எளிய மலப் பரிசோதனையும் இருக்கிறது. கூச்சம் வேண்டாம். ஸ்டான்லி ஓ.பி-யில் தினமும் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள்தான் இருக்கிறார்கள். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்; புற்றுநோய் சிகிச்சையும் அதில் அடக்கம்.

துறைமுகம், அனல்மின் நிலையம், ரிஃபைனரி, கன்டெய்னர் லாரி என்று நைட் ஷிஃப்ட்டில் ஓடுபவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். இரவுப் பணியைப் 'புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும்' என்ற பட்டியலில் 2019-ல் வைத்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. குடல் புற்றுநோய் தொடர்பான சான்று இன்னும் முழுமையாகவில்லை. வேலையை மாற்ற முடியாது. ஆனால் ஷிஃப்ட் முடிந்ததும் போடும் குவார்ட்டரை, புகையை, தினசரி சாசேஜ் மாதிரியான பதப்படுத்திய இறைச்சியைக் குறைக்க முடியும். இந்த மூன்றும் குடல் புற்றுக்கான ஆபத்தைக் கூட்டும் என்பது உறுதியானது. கீரை, பயறு, கோஸ், முள்ளங்கி, காலையில் பழைய சோறு என்று தட்டை மாற்றினால், உள்ளே இருக்கும் வாடகைதாரர்களுக்கும் சந்தோஷம்.

அடுத்த தடவை 'கேன்சரை அழிக்கும் பாக்டீரியா' ரீல்ஸ் வந்தால் ஃபார்வர்டு பண்ணும் முன் மூணு கேள்வி கேளுங்கள். சோதித்தது எலியிலா, மனிதரிலா? பாக்டீரியாவின் முழுப் பெயர் என்ன? எந்தக் கட்டச் சோதனையில் இருக்கிறது? மூன்றுக்கும் பதில் இல்லாமல் கீழே 'ஆர்டர் நவ்' பட்டன் மட்டும் இருந்தால், ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போங்கள். அதை உங்களுக்கு அனுப்பிய நண்பருக்கு மேலே இருக்கும் அறிகுறிகள் பட்டியலை அனுப்பிவிடுங்கள்.